கிரேட் டூ போலீஸ் ஆக வேண்டுமா? அறிவிப்பு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

தமிழ்நாடு காவல்துறையில் சேர விரும்பும் இளைஞர்களுக்கு மிக அகலமாகத் திறந்திருக்கும் வாசல் இரண்டாம் நிலைக் காவலர் பணி. பேச்சு வழக்கில் கிரேட் டூ பிசி. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். அதனால்தான் பட்டதாரிகள், பொறியியல் படித்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோரும் இந்த ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஆளெடுப்பை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். காவலரோடு இரண்டாம் நிலை சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணியிடங்களுக்கும் அதே விண்ணப்பம், அதே தேர்வு.

புதிதாக முயற்சி செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேதிகளைத்தான். 2025இல் அறிவிப்பு வெளியானது ஆகஸ்டில். விண்ணப்பிக்கக் கடைசி நாள் செப்டம்பர் 21. எழுத்துத் தேர்வு நவம்பர் 9. மூன்று மாதம்கூட இல்லை. அந்த மூன்று மாதத்தில் பாடப்புத்தகத்தை ஒருவாறு புரட்டி முடித்துவிடலாம். ஆனால் ஓடிப் பழகாத கால் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடாது, கயிற்றைத் தொட்டே பார்க்காத கை 5 மீட்டர் ஏறாது, பத்து வருடமாகத் தவறாகவே இருக்கும் சாதிச் சான்றிதழில் பெயர் திருந்தாது. அதனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கீழே உள்ளவற்றையும் அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன். படிப்பு முதலில் வராது.

முதலில், என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காவலர் என்றதும் பலர் மனதில் வருவது காவல் நிலையம், விசாரணை, ரோந்து. புதிதாகச் சேர்பவர் முதல் நாளிலேயே அங்கே போவதில்லை. கிரேட் டூ ஆளெடுப்பு இரண்டு பிரிவுகளுக்கு நடக்கிறது. ஒன்று மாவட்ட, மாநகர ஆயுதப்படை, அதாவது ஏ.ஆர். இன்னொன்று தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, எல்லோரும் பட்டாலியன் என்று சொல்வது. பட்டாலியனுக்கு ஆண்களை மட்டுமே எடுக்கிறார்கள். ஆவடி, மணிமுத்தாறு, பழனி, ராஜபாளையம், உளுந்தூர்ப்பேட்டை போன்ற இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் உண்டு.

ஆயுதப்படையில் என்ன வேலை? பந்தோபஸ்து. கோயில் திருவிழா, தலைவர்கள் வருகை, தேர்தல், ஜல்லிக்கட்டு, போராட்டம், கிரிக்கெட் ஆட்டம். கைதியைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும் வழிக்காவல். ஆயுதக் கிடங்கில், முக்கிய அலுவலகங்களில் பாரா, அதாவது நின்று காவல் காப்பது. பட்டாலியன் என்றால் எந்த மாவட்டத்தில் பதற்றம் என்றாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். சில ஆண்டுகள் கழித்துத்தான் பட்டாலியனிலிருந்து ஆயுதப்படைக்கும், அங்கிருந்து தாலுகா என்று சொல்லப்படும் சட்டம் ஒழுங்கு காவல் நிலையங்களுக்கும் மாறுதல் வரும்.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வெயிலில் பத்து மணி நேரம் நின்று ஒரு கூட்டத்தை யாருக்கும் அடிபடாமல் வீட்டுக்கு அனுப்புவது மரியாதைக்குரிய வேலை, அதைச் செய்கிறவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் முழுக்க வீட்டில் இருக்கும்போது நீங்கள் பேருந்து நிலையத்தில் நின்றிருப்பீர்கள். காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும் என்று 2021இல் அரசாணை வந்தது. அப்படியிருந்தும் பெரிய பந்தோபஸ்து வந்தால் அந்த விடுப்பு தள்ளிப்போவதும் உண்டு. இதை வீட்டில் அம்மா அப்பாவிடமும், திருமணமானவர் என்றால் துணையிடமும் பேசிவிட்டு இறங்குங்கள்.

அடிப்படைச் சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதற்கு மேல். பத்து ஆண்டு பணிக்குப் பின் முதல் நிலைக் காவலர், அடுத்து ஏட்டு என்கிற தலைமைக் காவலர், பிறகு சிறப்பு உதவி ஆய்வாளர் என்று நிலை உயரும். அதுவரை பொறுக்க விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நேரடி எஸ்.ஐ. (உதவி ஆய்வாளர்) தேர்வில் துறையில் பணியாற்றுபவர்களுக்கென்று 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டம் வைத்துக்கொண்டு கிரேட் டூவில் சேரும் பலரும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறார்கள். நல்ல கணக்குதான்.

வயதும் உயரமும்: இன்றே அளந்துவிடுங்கள்

குறைந்தது 18 வயது. மேல் வரம்பு பொதுப்பிரிவினருக்கு 26. பிற்படுத்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கும் திருநர்களுக்கும் 31. ஆதரவற்ற விதவைகளுக்கு 37. முன்னாள் படைவீரர்களுக்கு 47. கடந்த சில அறிவிப்புகளில் அந்தந்த ஆண்டின் ஜூலை 1ஆம் தேதியை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். ஜூன் மாதம் பிறந்தவருக்கும் ஜூலை மாதம் பிறந்தவருக்கும் ஒரு வாய்ப்பே வித்தியாசப்படும். உங்களுக்கு இன்னும் எத்தனை முறை எழுத முடியும் என்று இப்போதே எண்ணிப்பாருங்கள். ஆளெடுப்பு ஆண்டு தவறாமல் வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. 2022, 2023 என்று அடுத்தடுத்து வந்தது, அதற்கடுத்து 2025இல்தான் வந்தது.

உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அந்த வகுப்புகளைச் சேர்ந்த பெண்களுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவும் உண்டு. சாதாரண நிலையில் 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். உயரத்தை நீங்களே அளக்காதீர்கள். வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட நின்று, தலைமீது ஒரு தட்டையான அட்டையை வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். காலையிலும் மாலையிலும் அளந்து பாருங்கள், மாலையில் உடம்பு கொஞ்சம் குறையும். மாலையிலும் அளவு வந்தால் நிம்மதி. உயரம் கூட்டுகிறோம் என்று மாத்திரை, பொடி விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், வளர்ச்சி நின்ற எலும்பு மருந்தால் நீளாது. மார்பு விரிவு பழக்கத்தால் கூடும். தினமும் மூச்சுப் பயிற்சியும் தண்டாலும் செய்பவர்களுக்கு அந்த 5 செ.மீ. பெரிதாகத் தெரியாது.

உயரம் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தத் தேர்வுக்காக வருடங்களைச் செலவழிக்க வேண்டாம். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் இதை இப்போதே தெரிந்துகொள்வது, எழுத்துத் தேர்வில் தேறி மைதானத்தில் அளவுகோலின் கீழே நிற்கும்போது தெரிந்துகொள்வதைவிட நல்லது.

கண்ணையும் காலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நிறக்குருடு இருப்பது பலருக்கு மருத்துவத் தேர்வு வரை தெரிவதே இல்லை. தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டிகள் ஒன்றோடொன்று தட்டுவது, மாறுகண் போன்றவற்றையும் பார்ப்பார்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும்.

மைதானம்

தேர்வில் கடைசியாக வரும் கட்டம் இது, தயாரிப்பில் முதலில் வர வேண்டியதும் இதுவே. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து, காலியிடங்களைப்போல் 5 மடங்கு பேரை அழைப்பார்கள். அங்கே முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு, உடற்கூறு அளத்தல். அதன்பின் தாக்குப்பிடிக்கும் திறனைப் பார்க்கும் ஓட்டம். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதற்கு மதிப்பெண் கிடையாது. முடித்தால் அடுத்த கட்டம், முடிக்காவிட்டால் வீடு.

1500 மீட்டர் என்றால் 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 112 விநாடி எடுத்துக்கொண்டால் சரியாக 7 நிமிடம். வேகமென்று பார்த்தால் இது பெரிய வேகமே அல்ல. தோற்பவர்களில் பலர் மெதுவாக ஓடித் தோற்பதில்லை, முதல் சுற்றை 80 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் நடக்கத் தொடங்கித் தோற்கிறார்கள். சுற்றிலும் நூறு பேர் ஓடும்போது கால் தானாக விரட்டும். அதற்காகவே கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு சுற்றையும் 100 முதல் 105 விநாடிக்குள் ஒரே சீராக முடிக்கப் பழகுங்கள். முதல் மாதம் நேரத்தையே பார்க்க வேண்டாம். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருபது நிமிடம், பிறகு முப்பது நிமிடம். இரண்டாவது மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் 400 மீட்டர் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடி என்று நான்கைந்து முறை. வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. தார்ச் சாலையில் தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொள்ளும், அது வந்தால் வாரக்கணக்கில் உட்கார வைத்துவிடும். மண் தரையில் ஓடுங்கள். பள்ளி மைதானம், கண்மாய்க் கரை, அறுவடை முடிந்த வயல், எதுவானாலும் சரி.

அடுத்தது மதிப்பெண் தரும் உடற்திறன் போட்டி. மூன்று நிகழ்வுகளுக்கும் சேர்த்து 24 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திர அளவு, இரு நட்சத்திர அளவு என்று உண்டு. மைதானத்தில் சிங்கிள் ஸ்டார், டபுள் ஸ்டார் என்பார்கள்.

ஆண்களுக்கு முதலாவது கயிறு ஏறுதல்: சிங்கிளுக்கு 5 மீட்டர், டபுளுக்கு 6 மீட்டர். இரண்டாவது நீளம் தாண்டுதல் 3.80 அல்லது 4.50 மீட்டர், விரும்பினால் அதற்குப் பதில் உயரம் தாண்டுதல் 1.20 அல்லது 1.40 மீட்டர். மூன்றாவது 100 மீட்டர் ஓட்டம் 15 அல்லது 13.5 விநாடி, அதற்குப் பதிலாக 400 மீட்டர் 80 அல்லது 70 விநாடி.

பெண்களுக்கு நீளம் தாண்டுதல் 3 மீட்டர், டபுளுக்கு 3.75. அடுத்தது 4 கிலோ குண்டு எறிதல் 4.25 அல்லது 5.50 மீட்டர், வேண்டுமானால் கிரிக்கெட் பந்து எறிதல் 17 அல்லது 24 மீட்டர். கடைசியாக 100 மீட்டர் 17.5 அல்லது 15.5 விநாடி, இல்லையென்றால் 200 மீட்டர் 38 அல்லது 33 விநாடி.

ஆண்களில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது கயிறு. காரணம் எளிது: கயிறு எல்லா ஊரிலும் இல்லை, அதனால் தள்ளிப்போடுகிறார்கள். கனமான கயிறு ஒன்றை நான்கு பேர் சேர்ந்து வாங்கி, உறுதியான மரக்கிளையில் கட்டிக்கொள்ளுங்கள். கீழே மணல் கொட்டி வையுங்கள், தனியாக ஏறாதீர்கள். முதலில் கம்பியில் தொங்கிப் பழகுவது, ஒரு நிமிடம் கைவிடாமல் தொங்க முடிய வேண்டும். அதற்கடுத்து புல்லப்ஸ். பத்து எடுக்க வந்துவிட்டால் கயிறு பாதி கைக்குள் வந்த மாதிரி. இறங்கும்போது சறுக்கி இறங்கக் கூடாது, உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கை மாற்றி மாற்றி இறங்குங்கள். உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்குக் கயிறும் 1500 மீட்டரும் இரண்டுமே கஷ்டம். சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைப்பதைவிட எண்ணெய்ப் பலகாரம், குளிர்பானம், இரவு பரோட்டா ஆகியவற்றை நிறுத்தினாலே பெரும்பாலானவர்களுக்கு எடை இறங்கத் தொடங்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்து இது. 1500 மீட்டருக்காக மாதக்கணக்கில் ஓடியவருக்கு 400 மீட்டரே நல்லது, 100 மீட்டரில் ஒரு அரை விநாடி தாமதமாகக் கிளம்பினால் திருப்பி எடுக்க நேரமிருக்காது. பிறவியிலேயே வேகக் கால் உள்ளவர் மட்டும் 100 எடுக்கலாம். உயரம் தாண்டுதலுக்கு முறை கற்றுத்தர ஆள் வேண்டும், அப்படி ஒருவர் இல்லாவிட்டால் நீளம் தாண்டுதலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீளம் தாண்டுதலில் சக்தியைவிட முக்கியம் கால் பதிக்கும் பலகையைத் தாண்டி மிதிக்காமல் ஓடிவரும் அளவு. உங்கள் அடிகளை எண்ணி அளந்து, எங்கிருந்து ஓடத் தொடங்கினால் சரியாக வரும் என்று குறித்து வையுங்கள். பெண்களில் பந்து எறிந்து விளையாடி வளர்ந்தவர்களுக்குக் கிரிக்கெட் பந்துதான் கைவரும். மற்றவர்களுக்குக் குண்டு எறிதலின் முறையை ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம் இரண்டு மூன்று நாள் கேட்டாலே தூரம் கூடிவிடும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

காகிதங்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நான்கையும் எடுத்து ஒரே மேசையில் பரப்பிப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே மாற்ற மனு கொடுங்கள். இ-சேவை மையத்தில் கொடுத்த மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து முடிய நாளாகும். திருமணமான பெண்கள் சாதிச் சான்றிதழைத் தந்தை பெயரில் வைத்திருக்க வேண்டும், கணவர் பெயரில் இருப்பது செல்லாது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் மூன்று பள்ளிகளிலும் தமிழ் வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்ல வேண்டியிருக்கும். மே மாதம் போனால் யாரும் இருக்க மாட்டார்கள்.

விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீதம், முன்னாள் படைவீரர்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கான இடங்களில் ஆதரவற்ற விதவைகளுக்கு 3 சதவீதம் தனி ஒதுக்கீடு. இது தவிர என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குத் தலா 2 வீதம் 6 சிறப்பு மதிப்பெண்கள். சான்றிதழின் தரத்தைப் பொறுத்து மதிப்பெண் கூடும், குறையும். மொத்தம் நூற்றில் எழுத்துத் தேர்வு 70, உடற்திறன் 24, சிறப்பு 6. கட்-ஆஃப் அரை மதிப்பெண்ணில் தாண்டிப்போகும் தேர்வில் 6 சின்ன எண் அல்ல. இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் என்.சி.சி.யில் சேர இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

திருநர்கள் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். நீதிமன்றம் வரை போராடிய பிரித்திகா யாஷினி 2017இல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். அதன்பின் கிரேட் டூ பணியிலும் திருநர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும். தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். கணினி மையத்தில் வேறொருவரைத் தட்டச்சு செய்யவிட்டால் சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் உரக்கப் படித்துப் பாருங்கள். சாதிப்பிரிவைத் தவறாகக் குறித்துவிட்டுப் பிறகு மாற்றக் கேட்டு அலைவது பெரிய வேதனை.

வழக்கு இருந்தால்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள். எழுத்து, மைதானம், மருத்துவம் எல்லாம் தேறி, பணி ஆணை வர வேண்டிய நேரத்தில் விழுபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

தேர்வானவரின் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தை அறிக்கை கேட்பார்கள். உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா என்பதுதான் கேள்வி. இந்தப் பணிக்கான விதி மற்ற அரசு வேலைகளைவிடக் கடுமையானது. வழக்கிலிருந்து விடுதலை ஆகியிருந்தாலும் போதாது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்திருந்தால், அல்லது புகார் கொடுத்தவர் முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாகிவிட்டதால் விடுவித்திருந்தால், அவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு அது மரியாதைக்குரிய விடுதலையில் (குற்றமற்றவர் என்றே நீதிமன்றம் விடுவிப்பது) முடிந்தால், அல்லது பொருண்மைப் பிழை, அதாவது புகாரில் சொன்ன விவரமே தவறு என்று காவல்துறையே முடித்துவைத்தால், சம்பந்தப்படாதவராக ஏற்பார்கள். அப்போதும் அந்த முறை வேலை கிடைக்காது, அடுத்த ஆளெடுப்பில் மறுபடி கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். வயது தாண்டிவிட்டால் அந்த அடுத்த முறையும் இல்லை.

கிராமங்களில் திருவிழாத் தகராறு, வாய்க்கால் வரப்புச் சண்டை, பங்காளிச் சண்டை என்று வந்தால் புகார் எழுதும்போது வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் சேர்த்துவிடுவது வழக்கம். போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன் என்று தெரிந்தே சேர்ப்பவர்களும் உண்டு. எனவே தயாராகிற காலத்தில் எந்தக் கூட்டத்திலும் முன்னால் நிற்காதீர்கள், சண்டையை விலக்கப்போனவர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் வரும். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். சமூக ஊடகத்தில் சாதிச் சண்டைப் பதிவு, அரிவாளோடு படம் எதுவும் வேண்டாம்.

வழக்கு ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது? மறைக்கக் கூடாது. விண்ணப்பத்தில் கேட்டிருக்கும் இடத்தில் வழக்கு எண், காவல் நிலையம், இப்போதைய நிலை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: தகவலை மறைத்தாலோ பொய்யாகக் கொடுத்தாலோ தேர்வையும் பணியையும் ரத்து செய்ய நியமன அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உண்மையைச் சொன்னாலும் வேலை கட்டாயம் கிடைக்கும் என்றில்லை, ஆனால் அற்பமான வழக்கென்றால் பரிசீலிக்க இடமிருக்கிறது. மறைத்தவருக்கு அந்த இடமும் குறைந்துவிடும். வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, நிலுவையிலுள்ள வழக்கை விரைந்து முடிக்கவும், எந்த வகையில் முடிகிறது என்பதைக் கவனிக்கவும் கேளுங்கள். சமரசமாகப் போய்ப் புகார்தாரர் பிறழ்வதும் வழக்கு பொய்யென்று நிரூபணமாவதும் மற்ற வேலைகளுக்கு ஒன்றாக இருக்கலாம், இந்த வேலைக்கு ஒன்றல்ல. பணம் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம்.

எழுத்துத் தேர்வு

ஒரே நாளில் இரண்டு பகுதி. முதல் பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண், 80 நிமிடம். இதில் 32 எடுத்தால் போதும், தரவரிசையில் இந்த மதிப்பெண் சேராது. ஆனால் 32 வராவிட்டால் உங்கள் இரண்டாம் பகுதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று புத்தகத்தைத் தொடாமல் போய்த் தோற்றவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களில் இலக்கணப் பகுதிகள், நூல்–ஆசிரியர் விவரம், பொருள் அறிதல், பிரித்தெழுதுதல் இவற்றைச் செய்துவிடுங்கள்.

இரண்டாம் பகுதிதான் முதன்மைத் தேர்வு. பொது அறிவு 45, உளவியல் 25, ஆக 70 கேள்வி, இதற்கும் 80 நிமிடம். குறைந்தது 25 எடுக்க வேண்டும், ஆனால் 25 யாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போகாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

பொது அறிவுக்கு 6 முதல் 10 வரையிலான அரசுப் பாடநூல்களே போதும். அறிவியலும் சமூக அறிவியலும் இரண்டு முறை வரிவரியாக. வழிகாட்டிப் புத்தகங்கள் பத்து வாங்கி அடுக்குவதைவிட இது நல்ல வழி. உளவியல் என்று பெயர் இருந்தாலும் வருவது தருக்கம், எண் கணக்கு, தகவலைக் கையாளுதல் போன்றவை. எண் தொடர், இரத்த உறவு, திசை, குறியீடு, சதவீதம், நேரமும் வேலையும். இந்த 25தான் தேர்வைப் பிரிக்கிறது. பொது அறிவில் தெரியாததைத் தெரியாது என்று தாண்டிவிடலாம், இங்கே நேரம் போட்டால் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும். தினமும் முப்பது கணக்கு, கடிகாரம் வைத்து. பழைய வினாத்தாள்களை அப்படியே ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் நிரப்பிப் பழகுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது, நூலகமும் உண்டு. முதலில் அங்கே போய்ப் பாருங்கள், காசு கொடுத்துச் சேர்வதை அதன்பின் யோசிக்கலாம். காலை ஐந்தரைக்கு மைதானம், பகலில் வேலையோ கல்லூரியோ, இரவு இரண்டு மணி நேரம் படிப்பு. ஓராண்டு இப்படிப் போனால் தயாராகிவிடுவீர்கள்.

பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அவர் எந்த அதிகாரி பெயரைச் சொன்னாலும், எந்த அரசியல்வாதியோடு எடுத்த படத்தைக் காட்டினாலும் நம்பாதீர்கள். விடைத்தாள் எந்திரத்தில் திருத்தப்படுகிறது, ஓட்ட நேரம் மைதானத்தில் எல்லோர் முன்பும் எடுக்கப்படுகிறது. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்ப வராது, கொடுத்தவர் மேலும் வழக்கு வரக்கூடும்.

தேர்வான பிறகு

தற்காலிகப் பட்டியலில் பெயர் வந்தால் மருத்துவப் பரிசோதனையும் நன்னடத்தை விசாரணையும். அவை முடிந்ததும் 7 மாத அடிப்படைப் பயிற்சி. பி.ஆர்.எஸ். என்று அழைக்கப்படும் காவலர் பயிற்சிப் பள்ளிகள் வேலூர், கோவை, திருச்சி, தூத்துக்குடி பேரூரணி உட்படப் பல இடங்களில் இருக்கின்றன. விடியும் முன் விசில், உடற்பயிற்சி, கவாத்து, பிறகு வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம், இரவு ரோல் கால். துப்பாக்கி பிரித்துப் பூட்டுவது, சுடுவது, லத்தி, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் சொல்லித்தருவார்கள். சட்ட வகுப்பில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மூன்று புதிய குற்றவியல் சட்டங்களைத்தான் இப்போது படிக்க வேண்டும். பழைய இ.பி.கோ. பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் எண்களை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், 302 என்று சொன்ன கொலைக் குற்றம் இப்போது 103.

முதல் இரண்டு வாரம் உடம்பு வலிக்கும், வீட்டு ஞாபகம் வரும், பூட்ஸ் காலைக் கடிக்கும். பணி ஆணை வருவதற்கும் பயிற்சி தொடங்குவதற்கும் இடையே இடைவெளி கிடைத்தால் ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். வேலை கிடைத்துவிட்டது என்று ஓய்ந்து எடை போட்டவர்கள்தான் கவாத்து மைதானத்தில் அதிகம் சிரமப்படுகிறார்கள். கெட்டியான தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வீட்டிலேயே தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பழகுங்கள். பருத்திக் காலுறை ஆறு ஜோடி, கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய், ஊசி நூல், சான்றிதழ் நகல்கள் மூன்று தொகுதி, கடவுச்சீட்டு அளவுப் படம் இருபது. இவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் போய் நில்லுங்கள்.